பெரிய கொப்பரையா, இன்னொரு டேங்கா, புதிய சில்லரா: ஒரு சிறிய பியர் ஆலை முதலில் எதில் கைவைக்க வேண்டும்?

பெங்களூரில் மதுக்கூடத்தோடு சேர்ந்தே இயங்கும் ஒரு சிறிய பியர் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 1000 லிட்டர் காய்ச்சக்கூடிய புரூஹவுஸ், அதே கொள்ளளவில் பியரை நொதிக்கவைக்கும் 6 ஃபெர்மென்டர்கள், பரிமாறுவதற்கான 4 சர்விங் டேங்குகள், மொட்டை மாடியில் 3 டன் திறனுள்ள கிளைக்கால் சில்லர் (எளிதில் உறையாத கிளைக்கால் கலவையைக் குளிரவைத்து டேங்க்குகளைச் சுற்றி ஓட்டும் எந்திரம்) என்பது அதன் சொத்து. தொடங்கி ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளி இரவு வரை தாக்குப்பிடிக்கும் கோதுமை பியர் சனிக்கிழமை மாலையில் தீர்ந்துபோகிறது, மே மாதத்தில் ருசி தடுமாறுகிறது, கருப்பு நிற ஸ்டவுட் மட்டும் யாரும் கேட்காமல் வாரக்கணக்கில் கிடக்கிறது. இது ஒரே ஓர் ஆலையின் கதை அன்று. நான் வேலை செய்தும் பார்த்தும் அறிந்த நான்கைந்து இடங்களைச் சேர்த்து அமைத்த மாதிரி. இந்த வரிகளைப் படிக்கும் புரூவர்களில் பலருக்கு அது தங்கள் ஆலையாகவே தெரியக்கூடும்.

உரிமையாளர் விரிவாக்கத்துக்கென ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறார். புரூஹவுஸை 2000 லிட்டராக மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் செம்பு நிறத்தில் பளபளக்கும் கொப்பரை வாடிக்கையாளரை ஈர்க்கும் என்பதும் அதில் ஒரு பகுதி. தலைமைப் புரூவர் இரண்டு ஃபெர்மென்டர் கேட்கிறார். பராமரிப்பைப் பார்ப்பவர் சில்லரை இரு மடங்காக்கினால் பாதிப் பிரச்சினை தீரும் என்கிறார். மூன்று கோரிக்கைகளுக்கும் பின்னால் உண்மையான அனுபவம் இருக்கிறது. ஆனால் மூன்றில் எதையும் முதல் செலவாகச் செய்யக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான கணக்கைக் காட்டுவதுதான் இக்கட்டுரையின் வேலை.

கணக்கை லிட்டரில் போடுவதைவிட டேங்க்-நாளில் போடுவதே சரி. ஒரு ஃபெர்மென்டர் ஒரு நாள் நிரம்பியிருந்தால் அது ஒரு டேங்க்-நாள். 6 டேங்க்குகளுக்கு 30 நாள் மாதத்தில் 180 டேங்க்-நாள்கள் உண்டு; அதுதான் ஆலையின் உண்மையான மூலதனம். நம் மாதிரி ஆலையில் மாதம் 4 பேட்ச் கோதுமை பியரும் 2 பேட்ச் ‘பெல்ஜியன் விட்’ வகை பியரும் தலா 12 நாள் டேங்க்கில் இருக்கின்றன, மொத்தம் 72. ஐபிஏ என்ற கசப்பான பியர் ஒரு பேட்ச் 16 நாள், பருவத்துக்கேற்ற மாம்பழ ஏல் ஒன்று 15 நாள், லாகர் ஒன்று 35 நாள். ஸ்டவுட் 18 நாளில் தயாராகிவிடுகிறது என்றாலும், சர்விங் டேங்க் காலியாகாததால் மேலும் 8 நாள் ஃபெர்மென்டரிலேயே குடியிருந்து 26 நாள் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் காலிசெய்து கழுவ ஒரு நாள் வீதம் 10 நாள் சேர்த்தால் கூட்டுத்தொகை 174. அதாவது 180இல் 174 நாள் நிரம்பிக் கிடக்கும் ஆலையில் சனிக்கிழமை தட்டுப்பாடு வருவதில் வியப்பில்லை.

அதே மாதத்தில் புரூஹவுஸ் எத்தனை நாள் வேலை செய்தது? பத்தே நாள். மீதி 20 நாள் துடைத்து மூடி வைத்திருந்தார்கள். இட்லிக் கடையில் மாவு அரைக்க அரை மணி, புளிக்க ஓர் இரவு. புளிக்கவைக்கப் பாத்திரம் இல்லாதவர் பெரிய கிரைண்டர் வாங்கினால் எத்தனை இட்லி கூடும் என்று கேட்டால் எவருக்கும் பதில் தெரியும். பியர் ஆலைக்கு வரும்போது மட்டும் அந்தத் தெளிவு எப்படியோ நழுவிவிடுகிறது. கொப்பரை கண்ணுக்குத் தெரிகிறது, காத்திருப்பு தெரிவதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே பெரிய புரூஹவுஸ் இப்போதைக்கு வரிசையின் கடைசிக்குப் போகிறது. இரண்டாவது கோரிக்கையான ஃபெர்மென்டரில் ஒன்றுக்கு மாதம் 30 டேங்க்-நாள் கிடைக்கும் என்பது நேரடியான கணக்கு. அதை வாங்குவதற்கு முன், இருக்கும் 174 நாளில் எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டவுட்டின் 8 நாள் வெளிப்படையான வீண். இன்னொன்று சற்று மறைவாக இருக்கிறது. நொதித்தல் முடிந்த பியரை 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறக்கி ஈஸ்டைப் படியவைப்பதைக் கோல்டு கிராஷ் என்கிறோம். ஒழுங்கான குளிரூட்டல் உள்ள 1000 லிட்டர் டேங்க்கில் இது ஒரு நாள் வேலை. நம் ஆலையில் 3 நாள் ஆகிறது. பேட்ச்சுக்கு 2 நாள் வீதம் 10 பேட்ச்சுக்கு 20 டேங்க்-நாள். இரண்டையும் கூட்டினால் 28. கிட்டத்தட்ட ஒரு முழு ஃபெர்மென்டர், வாங்காமலேயே, தரையில் இடம் தராமலேயே, கலால் துறையிடம் கூடுதல் கலனுக்கு அனுமதி கேட்டு நடக்காமலேயே கையில் இருக்கிறது. இந்த 28 நாளை மீட்டால் தேவை 146ஆகக் குறைந்து 34 நாள் மிஞ்சும். கழுவும் நாளையும் சேர்த்து 11 நாள் பிடிக்கும் கோதுமை பியர் 3 பேட்ச் கூடுதலாகப் போடலாம். 10,000 லிட்டர் ஆலை 13,000 லிட்டர் ஆலையாகிறது.

கோல்டு கிராஷ் ஏன் 3 நாள் எடுக்கிறது? பராமரிப்பாளர் சொன்னபடி சில்லர் போதவில்லையா? இங்கேதான் அவசரப்பட்டுத் தவறான பொருளை வாங்குகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. வெப்ப அளவையும் நமக்குப் பழகிய மின் யூனிட்டிலேயே, அதாவது கிலோவாட்-மணியிலேயே சொல்கிறேன். அதை மின்கட்டணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1000 லிட்டர் பியரை 18 டிகிரி இறக்க ஏறத்தாழ 21 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் வெப்பம், 12 டிகிரி பிளேட்டோ, அதாவது எடையில் 12 விழுக்காடு சர்க்கரைச் செறிவுள்ள 1000 லிட்டருக்கு மொத்தம் 13 யூனிட் அளவில் இருக்கும். மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறான வோர்ட்டைக் காய்ச்சி முடித்தபின், முதலில் குழாய் நீராலும் பிறகு கிளைக்காலாலும் குளிரவைக்கும் இரண்டடுக்கு முறையில், கிளைக்காலின் பங்கு 30 டிகிரியிலிருந்து 20க்கு இறக்குவது. அது 11 யூனிட். ஆக ஒரு பேட்ச்சுக்கு 45 யூனிட். மூன்று நாளுக்கு ஒரு பேட்ச் என்றால் நாளுக்கு 15. குழாய்களிலும் டேங்க் சுவர்களிலும் ஏறும் வெப்பத்தையும் சர்விங் டேங்குகளையும் தாராளமாகச் சேர்த்து 60 என்றே வைத்துக்கொண்டாலும், 3 டன் சில்லரின் பெயர்ப்பலகைத் திறன் 10.5 கிலோவாட். அது இதமான சூழலில், இதமான வெப்பநிலையில் நீரைக் குளிர்விக்கும்போது கிடைக்கும் எண். கிளைக்காலைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கும்போது மூன்றில் ஒரு பங்கை இழந்து 7 கிலோவாட் ஆகிறது என்று கொள்வோம். அப்போதும் நாளொன்றுக்கு 168 யூனிட். தேவையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். சில்லர் போதும். பிறகு என்னதான் கோளாறு?

இப்படியொரு ஆலையின் மொட்டை மாடியில் நான் ஒரு மே மாத மதியத்தில் நின்றிருக்கிறேன். சில்லரின் திரை +3 காட்டியது. −4 இருக்க வேண்டிய இடம் அது. வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரின் தகடுகளில் விரலை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது, ஏனென்றால் சமையலறைப் புகைபோக்கியின் வாய் ஆறடி தள்ளி அதை நோக்கியே திறந்திருந்தது. தொட்டியிலிருந்து ஒரு சொட்டு கிளைக்காலை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டுப் பார்த்தபோது செறிவு 15 விழுக்காட்டைத் தொடவில்லை. நடந்தது எளிது. எங்கோ ஒரு வால்வில் கசிவு. அளவு குறையும்போதெல்லாம் கிளைக்காலுக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். 15 விழுக்காட்டுக் கலவை −5 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். சில்லரின் உட்பரப்போ திரவத்தைவிட இன்னும் சில டிகிரி குளிர்ந்திருக்கும். எனவே −4க்கு வைத்தால் உள்ளே பனி கட்டி எந்திரம் நின்றுவிடுகிறது. யாரோ ஒருவர் தொல்லை வேண்டாம் என்று குறியளவை +2க்கு உயர்த்திவிட்டுப் போயிருக்கிறார். +3இல் ஓடும் கிளைக்காலால் பியரை 2 டிகிரிக்கு இறக்கவே இயலாது. 5, 6 டிகிரிவரை தட்டுத்தடுமாறி வந்து நின்றுவிடும். மூன்று நாள் என்பது அந்தத் தடுமாற்றத்தின் நீளம்.

தீர்வு: உணவுத் தர புரொப்பிலீன் கிளைக்காலை 35 விழுக்காட்டுக்கு ஏற்றுவது, கண்டென்சரைக் கழுவுவது, புகைபோக்கியைத் திருப்புவது, கசிவை அடைப்பது, குழாய்க் காப்புறையின் கிழிசல்களைத் தைப்பது. ஒரு ஃபெர்மென்டரின் விலையில் சிறு பகுதியில் முடியும் வேலை. இதில் ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. மலிவாகக் கிடைக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படியே. பிரேசிலின் பெலோ ஹொரிசோண்டே நகரில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளிரூட்டும் திரவம் டேங்க்கின் கசிவு வழியே பியரில் கலந்து மக்கள் இறந்ததை இத்தொழிலில் இருப்பவர் எவரும் மறந்திருக்க முடியாது. கசிந்தாலும் உயிரைக் குடிக்காத திரவம்தான் டேங்க்கைச் சுற்றியிருக்கும் ஜாக்கெட்டுக்குள் ஓட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில்லருக்கு ஓர் உண்மையான நெருக்கடி நேரம் உண்டு. வோர்ட்டைக் குளிர்விக்கும் அந்த 45 நிமிடம். அந்த 11 யூனிட்டை முக்கால் மணி நேரத்தில் எடுக்க வேண்டுமானால் 15 கிலோவாட் தேவை; இருப்பதோ 7. பற்றாக்குறையை 500 லிட்டர் கிளைக்கால் தொட்டி தன் குளிர்ச்சியிலிருந்து ஈடுகட்டுகிறது. கணக்குப் போட்டால் அந்த முக்கால் மணியில் தொட்டியின் வெப்பநிலை ஏறத்தாழ 11 டிகிரி உயரும். −4இல் தொடங்கினால் +7இல் முடியும். அந்நேரம் கோல்டு கிராஷில் இருக்கும் பக்கத்து டேங்க் அப்படியே நிற்கும். மே மாதத்தில் குழாய் நீர் 28 டிகிரியில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 20இல் ஈஸ்ட் போட வேண்டிய வோர்ட் 24, 25இல் டேங்க்குக்குப் போகிறது, முதல் இரண்டு நாள் சூட்டில் ஈஸ்ட் தாறுமாறாக வேலை செய்து, தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களை விட்டுச்செல்கிறது. கோடைக்காலத்து ருசித் தடுமாற்றத்துக்கு மால்ட்டைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பார்ப்பது நல்லது.

இந்த 45 நிமிட நெருக்கடிக்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, சில்லரை இரட்டிப்பாக்கி, நாளின் மீதி 23 மணி நேரம் அதைச் சோம்பியிருக்க விடுவது. மற்றொன்று, குளிர்ந்த நீரைச் சேமித்துவைக்கும், காப்புறையிட்ட ஒரு தொட்டி. முந்திய இரவில் 1200 லிட்டர் நீரை 26 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க 31 யூனிட் ஆகும். பத்து மணி நேரத்தில் பரப்பினால் 3 கிலோவாட்தான், இருக்கும் சில்லருக்கு அது பொருட்டே அன்று. மறுநாள் அந்த நீர் ஒரே அடுக்கில் வோர்ட்டை நேராக 18 டிகிரிக்கு இறக்கிவிடும். மொத்தக் குளிர்ச்சி கூடுதலாகச் செலவாகிறது என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது.

இரண்டடுக்கு முறையில் 26 டிகிரி நீரைக் கொண்டு வோர்ட்டை 30வரை இறக்கப் பேட்ச்சுக்கு ஏறத்தாழ 2000 லிட்டர் நீர் ஓட வேண்டியிருக்கிறது. அது 57 டிகிரியில் வெளிவருகிறது. வெந்நீர்த் தொட்டி நிரம்பியபின் மிச்சம் சாக்கடைக்குப் போகிறது. குளிர்நீர்த் தொட்டி முறையில் 1200 லிட்டர்தான், அது 65 டிகிரியில் வந்து முழுவதும் அடுத்த காய்ச்சலுக்கான வெந்நீராகிறது. பேட்ச்சுக்கு 800 லிட்டர், மாதத்துக்கு 8000 லிட்டர் மிச்சம். பெங்களூரில் ஒரு நடுத்தரத் தண்ணீர் லாரியின் அளவு அது. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் நகரம் இது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது லாரிக்காகக் காத்திருந்த அனுபவம் இங்குள்ள பல ஆலைகளுக்கும் உண்டு. போதாக்குறைக்குக் கடின நீரை ஆர்ஓவில் வடிகட்டும்போது ஒரு பங்கு கழிவாகப் போகிறது என்பதால், மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னால் இன்னும் கொஞ்சம் நீர் மிச்சமாகிறது. குளிரூட்டலுக்காகச் செலவிடப்போகும் பணத்தில் புதிய சில்லருக்கும் குளிர்நீர்த் தொட்டிக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த ஊரில் இருக்கும்வரை நான் தொட்டியையே எடுப்பேன். சில்லரை மாற்ற ஒரே காரணம் அதன் வயதாக இருக்கலாம். அந்த நிலையிலும் ஒரே பெரிய எந்திரத்தைவிட இரண்டு சிறிய எந்திரங்கள் நல்லது. ஒன்று நின்றால் டேங்க்குகள் உயிரோடு இருக்கும்.

இனி ஸ்டவுட்டின் 8 நாளுக்கு வருவோம். அதை ஃபெர்மென்டரிலிருந்து வெளியேற்ற ஐந்தாவது சர்விங் டேங்க் வாங்கலாம், அல்லது கெக் எனப்படும் 50 லிட்டர் உலோகப் பீப்பாய்கள் வாங்கலாம். சர்விங் டேங்க் கழுவ எளிது, ஆள் செலவு குறைவு, விற்பனை வேகமாக இருந்தால் அதற்கு இணையில்லை. ஆனால் 1000 லிட்டர் சர்விங் டேங்க்கில் போட்ட ஸ்டவுட் விற்றுத் தீரும்வரை அந்த டேங்க் வேறு எதற்கும் ஆகாது. ஃபெர்மென்டரில் இருந்த தேக்கம் ஓரடி நகர்ந்து இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். 20 கெக்குகளில் நிரப்பினால் அது ஒரு குளிரறையின் மூலையில் அடுக்காகிறது. தேவைப்படும்போது ஒவ்வொன்றாகக் குழாயில் மாட்டிக்கொள்ளலாம். கெக்கின் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும்: கழுவுவதற்கு ஓர் எளிய கெக் வாஷராவது வேண்டும், 3, 4 டிகிரி குளிரறை வேண்டும், நிரப்பும்போது உள்ளே கார்பன் டைஆக்சைடை முழுமையாக நிரப்பிக் காற்றை வெளியேற்றத் தெரிந்த கை வேண்டும், நிறைந்த கெக் 60 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் முதுகு வேண்டும். இருந்தும் கோதுமை பியரைச் சர்விங் டேங்க்கிலும், மெதுவாகப் போகும் ஸ்டவுட், லாகர், பருவ பியர் ஆகியவற்றைக் கெக்கிலும் வைப்பதே இந்த அளவு ஆலைக்குப் பொருந்துகிறது.

மேற்சொன்ன எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சில சிறு செலவுகள் இருக்கின்றன. அவற்றை விருப்பத் தேர்வுகளாக நான் கருதவில்லை. நொதித்தல் அறையில் தரைமட்டத்தருகே ஒரு கார்பன் டைஆக்சைடு அலாரம். காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடத்தில் தேங்கும். 40,000 பிபிஎம் அளவில், அதாவது வெறும் 4 விழுக்காட்டில், உயிருக்கே ஆபத்து. அடுத்தது ஒவ்வொரு டேங்க்கிலும் வேலை செய்யும் அழுத்த வால்வும் வெற்றிட வால்வும். பியர் காலியான டேங்க்கில் கார்பன் டைஆக்சைடு நிறைந்திருக்கும்போது காஸ்டிக் சோடாவைத் தெளித்தால் இரண்டும் வினைபுரிந்து வாயு மறைந்துவிடும். உள்ளே வெற்றிடமாகி, வால்வு அடைத்திருந்தால், எவர்சில்வர் டேங்க் காலில் மிதித்த தகர டப்பாவைப் போல நெளிந்துவிடும். சுடுநீரில் கழுவிய கையோடு குளிர்ந்த நீரைத் திறந்தாலும் அதே கதி. காய்ந்த ஈஸ்ட் நுரை அடைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும் வெற்றிட வால்வுகளை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். புதிய ஃபெர்மென்டர் கேட்பவர் முதலில் பழைய ஆறின் வால்வுகளையும் கழற்றிப் பார்க்கட்டும்.

கருவிகளில் நம்பகமான பிஎச் மீட்டர், நுண்ணோக்கி, ஈஸ்ட் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டு, இறந்த செல்களை அடையாளம் காட்டும் மெத்திலீன் புளூ சாயம் ஆகியவை எல்லாம் சேர்ந்தும் ஒரு ஃபெர்மென்டரின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. 12 பிளேட்டோ ஏல் வோர்ட்டுக்கு மில்லி லிட்டருக்கு 1 கோடி ஈஸ்ட் செல்கள் அளவில் போட வேண்டும். எண்ணிப் போடுபவரின் நொதித்தல் ஒவ்வொரு முறையும் ஒரே நாளில் முடியும், பழைய ஈஸ்டை ஐந்தாறு தலைமுறை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். வாளியால் அளந்து போடுபவரின் நொதித்தல் சில சமயம் 4 நாள், சில சமயம் 7 நாள். அந்த வேறுபாடும் டேங்க்-நாள்தான். இன்னும் மலிவான சோதனை ஒன்று உண்டு, அதற்கு மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பிகளும் ஒரு வெந்நீர்ப் பாத்திரமும் போதும். டேங்க்கிலிருந்து எடுத்த மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடி 60 டிகிரிக்கு மேலான வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து பார்க்க வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் வாடை வந்தால் டைஅசெட்டிலின் மூலப்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது, குளிரவைக்கக் கூடாது. வாடை இல்லையென்றால் அன்றே கோல்டு கிராஷைத் தொடங்கலாம். நாள்காட்டியில் ஏழாம் நாள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

அதற்கு மாறாக, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் லட்சங்களில் விலையுள்ளது, வியாபாரிகள் அதை மிகவும் ஆசைகாட்டி விற்பார்கள். டப்பாவில் அடைத்து மாதக்கணக்கில் கடையில் வைக்கும் பியருக்கு அது இன்றியமையாதது. அதே வளாகத்தில் இரண்டு மூன்று வாரத்தில் குடித்துத் தீரும் பியருக்கு அது இல்லாமலும் காலம் தள்ளலாம். டப்பாவில் அடைக்கும் எந்திரமும் இதே காரணத்தால் நம் பட்டியலில் இடம்பெறவில்லை.

இவ்வளவும் செய்தபின் மாதம் 13,000 லிட்டரும் போதவில்லை என்றால் ஃபெர்மென்டர் வாங்கும் காலம் வந்துவிட்டது. அப்போது எழும் கேள்வி, 1000 லிட்டரில் இரண்டா, 2000 லிட்டரில் ஒன்றா என்பது. ஒரே நாளில் இரண்டு முறை காய்ச்சி ஒரே டேங்க்கை நிரப்பலாம், கழுவும் வேலை ஒன்றாகக் குறையும், தரையில் பிடிக்கும் இடமும் குறைவு. நிலையாக ஓடும் கோதுமை பியருக்கு 2000 லிட்டர் டேங்க் பொருத்தமானது. ஆனால் ஒரு பேட்ச் கெட்டால் இரு மடங்கு கொட்ட வேண்டும். கோதுமை பியரின் மணமும் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கத் தொடங்கும் என்பதால் விற்பனை அந்த வேகத்தில் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது தளம். இந்த நகரத்தில் பல ஆலைகள் மூன்றாம் நான்காம் மாடிகளில் இருக்கின்றன. நிரம்பிய 2000 லிட்டர் டேங்க் இரண்டரை டன்னுக்குக் குறையாமல் நான்கு கால்களில் நிற்கும். கட்டடப் பொறியாளர் ஒருவர் தூண் எங்கே, உத்தரம் எங்கே என்று பார்த்துக் கையெழுத்திடாமல் முன்பணம் கொடுப்பது விவேகமன்று. சில தளங்களில் அந்த ஒரு கேள்வியே விடையைத் தீர்மானித்துவிடும்: 1000 லிட்டரில் இரண்டு, தள்ளித் தள்ளி, அவ்வளவுதான்.

கடைசியாகப் புரூஹவுஸ். அதை மாற்றாமல் அதிலிருந்தே கூடுதல் பலன் பெற ஒரு வழி இருக்கிறது, அது மால்ட் உடைக்கும் மில்லில் இருக்கிறது. 1000 லிட்டர் பேட்ச்சுக்கு 75 விழுக்காடு செயல்திறனில் 210 கிலோ மால்ட் தேவைப்பட்டால், 82 விழுக்காட்டில் 192 கிலோ போதும். தேய்ந்த உருளைகளை மாற்றி, இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 1.1 மில்லிமீட்டர் அளவில் இரண்டு முனைகளிலும் ஒரே சீராக அமைத்து, உமி நொறுங்காமலும் பருப்பு உடையாமல் தப்பாமலும் பார்த்துக்கொண்டாலே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி கிடைக்கும். உமி தூளானால் வடிகட்டும் படுகை அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வடிப்பு மூன்று மணிக்கு இழுக்கும். காய்ச்சும் நாள் நீளமாக இருக்கிறது, அதனால் பெரிய புரூஹவுஸ் வேண்டும் என்று சொல்லும் இடங்களில் பாதியில் குற்றவாளி மில்தான்.

புரூஹவுஸை இரட்டிப்பாக்குவது கொப்பரையோடு முடிவதுமில்லை. 1000 லிட்டரை 65 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஒரு மணி நேரத்தில் ஏற்ற 36 கிலோவாட் தேவை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூரில் அந்தக் கொதிநிலை 97 டிகிரியாக இருப்பது ஒரு சிறு சலுகை. 2000 லிட்டருக்கு 72 கிலோவாட். மின்சாரத்தில் என்றால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும்; நீராவியில் என்றால் பாய்லருக்கான பதிவும் ஆய்வும் உண்டு. வெப்பப் பரிமாற்றி, பம்பு, வெந்நீர்த் தொட்டி, குளிர்நீர்த் தொட்டி எல்லாம் கூடவே பெரிதாக வேண்டும். உரிமத்தில் குறித்துள்ள உற்பத்தி அளவு அதை அனுமதிக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆயினும் புரூஹவுஸே முதலிடத்துக்கு வரும் ஆலை ஒன்றும் உண்டு. ஃபெர்மென்டர்கள் பத்துப் பன்னிரண்டாகி, அவற்றில் பாதி 2000 லிட்டராகி, வாரத்தில் நான்கு நாள் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு இரண்டாவது பேட்ச்சை முடித்துவிட்டுத் தரையைக் கழுவும் புரூவர் அங்கே இருப்பார். டேங்க் காலியாக நிற்கும், அதை நிரப்ப வோர்ட் இருக்காது. அந்த ஆலையின் பதிவேட்டில் டேங்க்-நாள்கள் மிஞ்சும், காய்ச்சும் நாள்கள் மிஞ்சாது. நம் மாதிரி ஆலையில் இப்போது 30க்கு 10 என்று நிற்கும் எண் 25ஐத் தாண்டட்டும். உரிமையாளர் அன்று கண்ணாடிக்குப் பின்னால் செம்புக் கொப்பரையை வைத்துக்கொள்ளலாம், நானும் மறுக்க மாட்டேன்.